எல்லைக்கல் இல்லாத ஊர்

ரிட்டையர் ஆன சர்வேயரை ஒரு புது ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அவன் முதலில் எதைப் பார்ப்பான்? கோயிலையோ குளத்தையோ பார்க்க மாட்டான். எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பான். 34 வருட சர்வீஸ் அப்படிப் பழக்கிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால்கூட மண்டபத்துக் காம்பவுண்டு சுவர் வாய்க்கால் புறம்போக்கில் ஏறியிருக்கிறதா என்று கண் தானாகப் போகும். பக்கத்தில் இருக்கும் கமலா முழங்கையால் ஒரு இடி இடிப்பாள்.

மூன்று மாதமாக நான் போய்வரும் ஊரில் எல்லைக்கல்லே கிடையாது. சங்கிலி பிடிக்க ஆள் வேண்டாம், குறுக்குக்கோல் வேண்டாம், வெயிலில் நிற்கவும் வேண்டாம். ஊரின் பெயர் செகண்ட் லைஃப். இரண்டாம் வாழ்க்கை. எழுபத்தோரு வயதுக்காரனிடம் இப்படி ஒரு பெயரைச் சொன்னால் அவன் பேராசைப்படாமல் என்ன செய்வான்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் உலகம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பிலிப் ரோஸ்டேல் என்பவர் தொடங்கிய லிண்டன் லேப் என்ற கம்பெனி 2003 ஜூனில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விளையாட்டு என்றுதான் பேரன் சொன்னான். ஆனால் சுடுவது, ஜெயிப்பது, பாயிண்ட் எடுப்பது எதுவும் கிடையாது. நிலமும் கடலும் வானமும் கம்பெனியுடையவை. அதன்மேல் இருக்கும் வீடு, கடை, கப்பல், காதில் போடும் தோடு வரைக்கும் பெரும்பாலும் அங்கே வந்துபோகிறவர்களே செய்தவை. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, இன்னொரு மூலையில் இருப்பவர் பக்கத்தில் போய் நின்று பேசலாம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஒரு பத்திரிகைச் செய்தியால். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் கம்பெனி தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்ட பிறகு எங்கே பார்த்தாலும் மெட்டாவெர்ஸ் பேச்சாக இருந்தது. அடுத்த பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஜோடி தங்கள் கல்யாண வரவேற்பை அப்படி ஒரு கம்ப்யூட்டர் உலகத்தில் வைத்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம். பெண்ணின் அப்பா முன்பே காலமானவர். அவரைப் போலவே ஓர் உருவம் செய்து வரவேற்பில் நிற்க வைத்திருந்தார்கள். கமலா அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "செத்த மனுஷன் வந்து நின்னா அந்தப் பொண்ணுக்கு எப்படிங்க இருந்திருக்கும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. செய்தியை மட்டும் மனம் எடுத்து வைத்துக்கொண்டது.

இந்த வருடக் கோடை விடுமுறைக்கு வந்த பேரன், புது லேப்டாப் வாங்கிவிட்டதால் தன் பழையதை எனக்குக் கொடுத்தான். அதில் இதை ஏற்றித் தரச் சொன்னேன். "தாத்தா, இது ரொம்பப் பழசு. எங்க செட்ல யாரும் போறதில்ல" என்றான். அப்படியானால் எனக்குச் சரியாக இருக்கும் என்றேன்.

முதல் வேலை உருவம் தேர்ந்தெடுப்பது. என் கண்ணில் பட்டவரை எல்லாருக்கும் இருபத்தைந்து வயது, ஜிம்முக்குப் போன தோள். வேண்டுமானால் நரை வைக்கலாம், வழுக்கையும் வைக்கலாம் என்றான் பேரன். "அது இங்கயே நிறைய இருக்குடா" என்று அந்த இளவட்டத்தையே எடுத்துக்கொண்டேன். இந்த உருவத்துக்குப் பெயர் அவதார். நம் தசாவதாரத்து அவதாரமேதான். 1980களில் ஹேபிடட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். 1992இல் வந்த ஸ்னோ கிராஷ் என்ற நாவலில் நீல் ஸ்டீவன்சன் அதைப் பிரபலமாக்கினார். மெட்டாவெர்ஸ் என்ற வார்த்தையும் அந்த நாவலில் பிறந்ததுதான். பெருமாள் இறங்கி வந்ததற்குக் காரணம் இருந்தது. நாம் எதற்கு இறங்குகிறோம் என்பதைப் பேரனிடம் கேட்டேன். "சும்மா தாத்தா" என்றான்.

நடப்பதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி. அதை அழுத்தினால் ஆள் நடக்கிறான்; விட்டால் நிற்கிறான். நான் விடவில்லை. ஆள் நேராகக் கடலுக்குள் இறங்கி அடித்தரையில் நடந்துகொண்டே போனான். மூச்சு முட்டவில்லை, துணிகூட நனையவில்லை. பறப்பதற்கு இன்னொரு பொத்தான். அதை அழுத்தி மேலே போய்க் கீழே பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. புலப்படத்தில் நான் வாழ்நாள் பூராவும் கோடாகப் போட்ட சமாசாரம் எல்லாம் நிலமாக விரிந்து கிடந்தது.

அப்புறம் என் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அங்கே நிலம் சதுரம் சதுரமாக இருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் 256 மீட்டருக்கு 256 மீட்டர். பெருக்கினால் 65,536 சதுர மீட்டர். 16 ஏக்கர் 19 சென்ட். எங்கள் தஞ்சாவூர்க் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்றால், இரண்டரை வேலிக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை சதுரமும் ஒரே அளவு! ஆறு குறுக்கே ஓடிக் கோணலாக்கிய வயல் கிடையாது, அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் வால் மாதிரி நீண்டுபோன துண்டு கிடையாது. எங்கே நின்றாலும் கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை, உயரம் இத்தனை என்று திரையின் மேலே எண் வந்துகொண்டே இருக்கிறது. கடல் மட்டம் பூஜ்யத்தில் இல்லை, 20 மீட்டரில் இருக்கிறது. அது ஏனோ எனக்கு ஒரு வாரம் உறுத்தியது.

சூரியன் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை உதிக்கிறது. மூன்று மணி நேரம் பகல், ஒரு மணி நேரம் ராத்திரி. மழை தானாகப் பெய்யாது. வேண்டுமென்றால் யாராவது செய்து வைக்க வேண்டும். நாம் எழுதிப் பேசுவது 20 மீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். கத்தினால் 100 மீட்டர். எழுதும்போது நம் உருவம் இரண்டு கையையும் தூக்கி ஆகாயத்தில் டைப் அடிக்கிறது. எனக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் அந்த இளவட்டம் எதிரில் நிற்பவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டிருப்பான்.

நிலச் சட்டத்துக்கு வருகிறேன். (இந்தப் பகுதி வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். கமலா தாண்டிவிடச் சொல்லிவிட்டாள்.) ஆரம்பத்தில், செய்து வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி போட்டார்கள். கோட்டை கட்டினால் கல்லுக்குக் கல் வரி. குடிமக்கள் 2003இலேயே கிளம்பிவிட்டார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த கதை உண்டல்லவா, அதே பாணியில் ஊரெங்கும் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்துப் போராட்டம். அந்த வருடக் கடைசியில் பொருள் வரி போய் நில வரி வந்தது. ஜமாபந்தியில் ஆயிரம் மனு வாங்கிய எனக்கு, இல்லாத கல்லுக்கு இல்லாத தேயிலையை வைத்து நிஜமாகவே வரியைக் குறைக்க வைத்த ஆட்கள்மேல் மரியாதை வந்தது.

இப்போது மாதாமாதம் தீர்வை. சந்தா கட்டுகிறவருக்கு 1024 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட், இலவசமாக வரும். அதற்கு மேல் பணம். ஒரு முழுத் தீவு வேண்டுமென்றால் மாதம் 200 டாலருக்கு மேல். சரி, கட்டினால் நிலம் சொந்தமா? 2006இல் பென்சில்வேனியா வக்கீல் ஒருவர் ஏலத்தில் நிலம் எடுத்தார். எடுத்த முறை சரியில்லை என்று கம்பெனி அவர் கணக்கையே முடக்கியது. மனுஷர் நிஜக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். மறுவருடம் சமரசத்தில் முடிந்தது. அந்த நிலம் சொத்தா இல்லையா என்பதற்குத் தீர்ப்பே வரவில்லை. என்னைக் கேட்டால், அது அனுபோக பாத்தியதைதான், பட்டா கிடையாது. கட்டுகிற வரைக்கும் அனுபவிக்கலாம்.

ஆனால் ஒன்று. அங்கேயும் புறம்போக்கு இருக்கிறது! சாலை, ஆறு, ரயில் பாதை, கடலோரம் எல்லாம் கம்பெனி பெயரில் பொதுவில் கிடக்கிறது. ஆக்கிரமிப்பு ஒன்றுகூட இல்லை. கண் குளிர்ந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் முதல் எண்ணத்தை மறைக்கக் கூடாது. முதல் பத்து நாள் எனக்கு அந்த ஊர் பயமாக இருந்தது. அவ்வளவு அழகு, ஆனால் ஆள் இல்லை. கலங்கரை விளக்கம் சுழல்கிறது, அலை வருகிறது, ஹோட்டல் மேஜையில் காப்பி ஆவி பறக்கிறது, குடிக்க ஒருவரும் இல்லை. டான்ஸ் ஆடும் இடங்களிலும் கடைவீதிகளிலும் கூட்டம் உண்டு. மற்றபடி கிலோமீட்டர் கணக்கில் வீடுகள், கதவு திறந்தபடி. சேர் போட்டிருக்கிறது. சுவரில் யாருடைய குடும்பப் படமோ மாட்டியிருக்கிறது. 2007 மேயில் சுவீடன் நாடு இங்கே ஒரு தூதரகம் திறந்தது. அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் கார்ல் பில்ட் தன் உருவத்தோடு வந்து திறந்துவைத்தார். இப்போது அது இல்லை. பெரிய பெரிய கம்பெனிகளும் அந்தச் சமயத்தில் கூட்டமாக வந்து இடம் பிடித்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டன.

தங்கினவர்கள் வேறு மாதிரி ஆட்கள். அவர்களில் ஒருவரை ஒரு காலை ஆறு மணிக்குப் பார்த்தேன்.

ஒரு சின்னத் தோட்டம். பலகைக் கொட்டகை, கை பம்பு, வாசலில் ஒரு பெஞ்சு. சிவப்புத் தலைமுடியோடு முப்பது வயது உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அங்கே எந்தப் பொருளைக் குறிவைத்துப் பார்த்தாலும் அதைச் செய்தவர் பெயரும் உடைமையாளர் பெயரும் வரும். அதற்கு மேல் நல்ல அ-பதிவேடு உண்டா? கொட்டகையைப் பார்த்தேன். பெஞ்சைப் பார்த்தேன். நிலம் அந்தப் பெண் பெயரில் இருந்தது. மேலே இருந்த அத்தனை பொருளும் வேறொரு பெயரில் இருந்தன. சர்வேயர் வாய் சும்மா இருக்குமா? இது உங்கள் தோட்டம்தானே என்று கேட்டு எழுதினேன்.

பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவரும் மெதுவாக டைப் அடிக்கிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அமெரிக்காவின் வடமேற்கில் எப்போதும் மழை பெய்யும் ஓர் ஊர். அங்கே அப்போது சாயங்காலம். தோட்டம் அவர் கணவர் கட்டியது. பலகைக்குப் பலகை அவரே செய்தது. ஆறு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். இந்த அம்மாவுக்கு எதுவும் கட்டத் தெரியாது. தினம் அரைமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவதோடு சரி.

மாதத் தீர்வையைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் விளக்கிய முறை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நிலம் போய்விடும். அதன்மேல் இருக்கும் பொருட்கள் அழியாது. அவரவர் உடைமையாளருக்குத் திருப்பி அனுப்பப்படும். ஒவ்வொருவர் பெட்டிக்குள்ளும் 'தொலைந்து கிடைத்தவை' என்று ஓர் அறை இருக்கிறது, அதில் போய் உட்காரும். கொட்டகை, பம்பு, பெஞ்சு எல்லாம் அவர் கணவருடைய பெட்டிக்குப் போகும். திறந்து பார்க்க அவர் இல்லை. அதனால் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினார்.

நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டா மாறுதல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. செத்துப்போன தாத்தா பெயரில் மூன்று தலைமுறையாகக் கிடந்த பட்டாக்கள் நிறைய உண்டு. பெயரை அடித்து வாரிசு பெயரை எழுத வேண்டும். ஒரு அம்மா வந்து நின்று, "எழுதுறதை எழுதுங்க சார். அவுக பேரை மட்டும் அடிக்காம எழுத முடியுமா?" என்று கேட்டார். முடியாது. சிவப்பு மையால் அடித்தேன். அதுதான் முறை. அந்த அம்மா கோடு போடுகிறவரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அன்று மத்தியானம் கமலாவிடம் சொன்னேன். கமலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது, கை பாதி வந்தது. கால் வாக்கரோடு பாத்ரூம் வரை. மன்னார்குடித் தெப்பக்குளத்தைச் சாயங்காலத்தில் சுற்றி நடந்தவள், வாசற்படியைத் தாண்டினால் அது ஆஸ்பத்திரிக்குத்தான். நான் லேப்டாப்பில் பறப்பதைப் பக்கத்துச் சேரில் இருந்து பார்ப்பாள், சிரிப்பாள், டிவி பக்கம் திரும்பிவிடுவாள்.

அன்றைக்கு, "எனக்கும் ஒரு ஆளு பண்ணுங்க" என்றாள்.

புடவை கட்டிய உருவம் தேடினோம். கிடைத்தவை எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது புடவையா? இடுப்புல துண்டைச் சுத்தின மாதிரி இருக்கு." கடைசியில் ஒரு சுடிதார். வயதை நாற்பதுக்குக் கொண்டுவந்தோம். பறக்கும் பொத்தானைக் காட்டினேன். "பறக்கல்லாம் வேணாங்க. நடக்கட்டும்" என்று வலது கையால் மேல் அம்புக்குறியை அழுத்தினாள்.

ஹெட்டரோசெரா என்று அங்கே ஒரு கண்டம். அதன் ஊர்களுக்கெல்லாம் அந்துப்பூச்சிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். நீளமான சாலையும் ரயில் பாதையும் உண்டு. அந்தச் சாலையில் கமலா நடந்தாள். நடந்தாள் என்றால், முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாள். ஓரத்தில் வீடு வந்தால் நின்று ஜன்னலைப் பார்த்தாள். பாலத்தில் நின்றாள். ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது படம் ஒரு குலுக்கல் குலுக்கும். "ஊர் எல்லை தாண்டியாச்சு" என்பேன். தலையாட்டுவாள். முடித்ததும் கேட்டேன், எப்படி இருக்கு என்று.

"நடந்த மாதிரி இல்ல. ஆனா போன மாதிரி இருக்கு."

பிசியோதெரபி செய்ய வரும் பையனிடம் சொன்னேன். நல்லதுதான் சார், எக்ஸர்சைஸை மட்டும் விட்டுடாதீங்க என்றான். விடவில்லை. எக்ஸர்சைஸ் முடிந்தால்தான் சாலை என்று நானே விதி போட்டிருக்கிறேன். அவள் அதைத் திட்டிக்கொண்டே செய்கிறாள்.

இரண்டாவது வாரம் சாலையைவிட்டு ஒரு புல்வெளியில் இறங்கினாள். பத்தடி போவதற்குள் குறுக்கே சிவப்புக் கோடுகள் எழும்பின. நுழையாதே, நுழையாதே என்று கோடு முழுக்க எழுத்து. ஆள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். நில உடைமையாளர் பிறரை அனுமதிக்காவிட்டால் இப்படி வேலி வரும். கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதை யாருங்க அளந்து குடுத்தது? மாடு இல்ல, ஆடு இல்ல, ஒரு கதிரும் விளையல. இவனுக்கு எதுக்கு வேலி?"

இந்த வேலி தரையிலிருந்து 50 மீட்டர் உயரம்தான், மேலே பறந்தால் தாண்டிவிடலாம் என்றேன்.

"திருட்டுத்தனமா எதுக்கு? ரோட்டோடயே போவோம்."

திரும்பிச் சாலைக்கு வந்து, சுற்றிப் போனோம். அங்கே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். பெஞ்சில் உட்கார வைத்தாள். அதற்குள் பால்காரர் வந்துவிட, நான் எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அந்த உருவங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அவள் தூங்கி வழிகிறாள். சேரிலும் கமலா அப்படியே தூங்கிப்போயிருந்தாள், விரல் அம்புக்குறிமேல்.

சென்ற வாரம் அந்த அமெரிக்க அம்மாவின் தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கமலாவின் ஆள் பெஞ்சில் அந்த அம்மா பக்கத்தில் அமர்ந்தது. கமலா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் டைப் அடிக்க, அந்த அம்மா எழுதுவதை நான் படித்துச் சொல்ல, ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது. இருவருக்கும் அவசரம் இல்லை. என்ன சமையல், எத்தனை பேரப்பிள்ளை என்று போனது. மூட்டு வலிக்கு அங்கேயும் தைலம்தான்.

பிறகு கமலா, கொட்டகைக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னாள். எனக்குத் தயக்கம். "கேளுங்க, அவங்க சொல்லுவாங்க" என்றாள்.

பதில் வர வெகுநேரம் ஆனது. கதவு திறக்காது. அவர் கதவை மட்டும்தான் செய்தார். உள்ளே ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் செய்யலாம் என்று இருந்தாராம்.

படித்துச் சொன்னேன். கமலா திரையில் இருந்த அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கும் வர்றோம்னு எழுதுங்க" என்றாள்.